வாய்க்குள் போனதெல்லாம்

பிப்ரவரி 9

மூத்தவளின் அம்மாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே. இந்த வயதில் நான் எழுதப் படித்துவிடவில்லை. எடை குறைக்கும் வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற தபால்காரர், வகுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறார். ஓய்வு பெற்றவர், இடுப்பு மூட்டு மாற்ற வந்திருக்கிறார். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மனுஷன் நடுநடுவே திருத்துகிறார் என்று தெரியும். நான் பேசும்போது அவர் பேனா அசையாமல் நிற்கிறது, நான் மூச்சு விடும்போது ஓடுகிறது.

போன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். காலையில் கேட்டாலும் குளியல், சாயங்காலம் கேட்டாலும் குளியல். அந்த ஊரில் தண்ணீர் அத்தனை தாராளமா? சரி, போன் வேண்டாம். போன் என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நீ ஏன் கிளம்பிப் போனாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், தப்பு எங்கே என்று நீயே சொல்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். "ரெண்டு முட்டியும் தேஞ்சு எலும்போட எலும்பு உரசுது. மாத்தித்தான் ஆகணும். ஆனா இந்த உடம்போட மேஜை மேல ஏத்த மாட்டேன், புண்ணு சீழ் பிடிக்கும். எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்றார். ஊர் வீட்டுக்கெல்லாம் முட்டி போட்டு டைல்ஸ் பதித்தவனிடம், முட்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துப் பேசினார். எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். இருந்தாலும் அவர் அனுப்பிய இடத்துக்குப் போனோம்.

அங்கே அந்த டயட்டீசியன் பொண்ணு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, நேற்று காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாய்க்குள் போனதெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றாள். மற்றவர்கள் எழுதி எடுத்து வந்திருந்தார்கள். எனக்கு எழுத்து இல்லை, ஞாபகம் இருக்கிறது. நேற்று ஒன்றை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? போன வாரம், அதற்கு முந்தைய வாரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தக் கரண்டியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாய் என்பது வரை சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். "வீட்டுல மத்தவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். என் தட்டில் மிஞ்சின கொழுப்புத் துண்டை நீ எடுத்து வாயில் போட்டுக்கொள்வது, சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டி அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே தின்பது, மத்தியானம் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து ரொட்டியில் சர்க்கரையைக் கொட்டித் தின்பது. இஸ்திரிக் கடையில் நின்றே வேலை பார்த்தவள், அதனால் தின்பதும் நின்றபடிதான் என்று விளக்கமும் சொன்னேன்.

லாரி முதலாளி ஒருத்தர் இருக்கிறாரே, அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் வட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ எழுந்து வெளியே போனாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் பெட்டியைக் காணோம். பார்த்ததைச் சொன்னது ஒரு குற்றமா?

இப்போது என் நிலைமையைக் கேள். நானே சமைக்கிறேன். வேகவைத்த முட்டைக்கோஸ் வீடு முழுக்க நாறுகிறது, வேலையாட்களின் காலுறையை ஊறப்போட்ட வாளி மாதிரி. முட்டையின் வெள்ளையை மட்டும் தின்ன வேண்டுமாம். அது தொண்டையில் நத்தை போல இறங்குகிறது. வகுப்பு அதைவிடக் கண்றாவி. எடை மேடையில் வெறுங்காலோடு ஏற வேண்டும். முன்னால் ஏறியவரின் கால் ஈரம் காயாமல் இருக்கும், அதன் மேல் என் காலை வைக்க வேண்டும். ஒரு டீச்சரம்மா தனக்கு வயிறு போகாத கதையை நிறம் முதற்கொண்டு விவரிக்கிறார். தலையைக் குனிந்தால் தரை. அந்தத் தரையை எவனோ தூக்கத்தில் பதித்திருக்கிறான். தட்டினால் பொத்துப் பொத்தென்கிறது, அடியில் கலவையே இல்லை. கல் இடுக்கில் எத்தனை பேர் அழுக்கோ கறுத்துக் கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எடை குறைந்தாலும், ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் தேதி தர மாட்டார்களாம். மகன் கப்பலில் இருக்கிறான், கடலில் இறங்கி நடந்து வர முடியாது. ஆகவே நீ வர வேண்டும். கோபத்தை வந்த பிறகு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 18

உங்களுக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மகள் ஏன் என்று கேட்டாள். எண்ணெய் என்றேன்.

தப்பு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். இதையும் உங்களுக்கு யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். தபால்காரர் ஐயா, நீங்கள்தான் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்த இடத்திலும் தயங்காமல் உரக்கப் படியுங்கள். அந்த வட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்ல இவர் தயங்கவில்லை.

நீங்கள் சாப்பிடும் சத்தத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எலும்பை உறிஞ்சினால் அடுத்த அறையில் கேட்கும். விரலை ஒவ்வொன்றாக நக்கி முடித்து, அந்தக் கையாலேயே தண்ணீர்ச் செம்பைத் தூக்குவீர்கள். செம்பில் ஒட்டிய பிசுக்கு மறுநாள் வரை போகாது. ஏப்பம் விட்டுவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று ஏப்பத்தை வைத்தே கண்டுபிடிப்பீர்கள், அதற்கு நான் சிரிக்க வேண்டும். பல் குத்தின தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைப்பீர்கள். அடுத்த நாள் அடுப்பு பற்றவைக்க அது என் கைக்கு வரும், முனையில் நார் ஒட்டியிருக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். சகித்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் போய்க் கையைக் கழுவினேன். ஆனால் அதை நான் லாரி முதலாளி முன்னால் சொன்னேனா?

ஒரு பெண்பிள்ளை வாயில் என்ன போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. சிரித்தவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, அவர்கள் யாரோ. நீங்கள் சிரித்தீர்களே, பல் இடுக்கு தெரிய.

இங்கே மாப்பிள்ளை நல்ல மாதிரி. "அத்தை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்கிறார். எனக்குக் கை எழவில்லை. யாரோ எண்ணுகிறார்கள், எங்கேயோ போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று தோன்றுகிறது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு வாய் விழுங்குகிறேன், திருடி மாதிரி. விழுங்கினது மேலே வருகிறது.

நான் வர மாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்த ஞாபகத்தைக் கூப்பிட்டுக் காலைப் பிடித்துவிடச் சொல்லுங்கள்.

நான்தான்


மார்ச் 7

மூத்தவளின் அம்மாவுக்கு,

தபால்காரர் உரக்கத்தான் படித்தார். தீக்குச்சி வந்த இடத்தில் மட்டும் இருமினார். படித்து முடித்துவிட்டு, தானும் அப்படித்தான் செய்வதாகவும் தன் மனைவி ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னார்.

நீ ஜெயித்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் ஒரு கவளம் வைத்தால் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. சேற்றில் மாடு காலை எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி. நிறுத்தினால் வாய்க்குள் கூழாகக் கிடக்கிறது. துப்பிவிடுகிறேன். முட்டைக்கோஸ் வடித்த தண்ணீரும் பாலில்லாத டீயுமாக ஓட்டினேன். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, கயிறு கட்டினேன். எடை மேடையில் முள் இறங்கியதைப் பார்த்து லாரி முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. அவர் அன்றைக்குச் சட்டைப் பைக்குள் கிரீம் பன்னை ஒளித்து வந்திருந்தார். வெயிலில் உருகி நெஞ்சில் ஒழுகி, முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் வழித்து நக்கினார். நானும் பார்வைக்கு இப்படித்தான் இருந்திருப்பேன் என்று நினைத்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

இத்தனை இறக்கியிருக்கிறேன், தேதி கொடுத்துவிடுவார்கள் என்று தெம்பாக அந்தப் பொண்ணின் அறைக்குள் போனேன். அவள் எடையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஒரு கருவியைக் கொடுத்து முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னாள். கைப்பிடி பலம் பார்க்கிற கருவி. முதல் வாரம் நான் அழுத்தியபோது அவள் பக்கத்து அறை நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். கல் வெட்டின கை இல்லையா. இப்போது அழுத்தினால் அது அசைவேனா என்கிறது.

"இறங்கினது கொழுப்பு இல்ல தாத்தா, சதை" என்றாள். தாத்தாவாம். "நான் எடையைக் குறைக்கச் சொன்னேன், பட்டினி கிடக்கச் சொல்லல. சதை கரைஞ்ச கால்ல புது மூட்டு வெச்சா அதை எது தாங்கும்? தைச்ச புண்ணு எதை வெச்சு ஆறும்? இப்படியே வந்தீங்கன்னா டாக்டர்கிட்ட வேண்டாம்னு நானே சொல்லிடுவேன்."

முட்டை, பருப்பு, மீன் என்று மறுபடி ஒரு முறை சொன்னாள். மூன்று வேளையும் சாப்பிட வேண்டுமாம், மெதுவாக இறங்க வேண்டுமாம். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். அருவருப்பாக இருக்கிறது என்றேன்.

"எது? சாப்பாடா?"

"இல்லம்மா, திங்கிறவன்" என்றேன்.

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நீ இருப்பதாகச் சொல்லிவிட்டேன். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாய், இதோ வந்துவிடுவாய், கூடவே இருந்து பார்த்துக்கொள்வாய் என்றேன். அவள் உன்னிடம் பேச வேண்டும் என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் கூப்பிட்டால், "ஆமா, நான்தான் பாத்துக்கப்போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ஆபரேஷன் பட்டியலில் என் பெயரை எடுத்துக் கீழே போட்டுவிடுவார்கள். கக்கூஸுக்குப் போக இப்போது ரெண்டு சுவரையும் பிடித்துக்கொண்டு போகிறேன். சில நாள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதைக் கழுவுகிறவனும் நான்தான். இதை எழுத வேண்டுமா என்று தபால்காரர் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 16

உங்களுக்கு,

அந்தப் பெண் கூப்பிட்டாள். தெரியாத நம்பர், அதனால் எடுத்துவிட்டேன். யார் என்று சொன்னதும் வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டாள். மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை எடுத்து, என்ன வேண்டும் உனக்கு, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும்மா. வீட்டுல மத்தவங்க எப்படின்னு எல்லார் முன்னாலயும் கேட்டிருக்கவே கூடாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றாள். இந்தத் தடவை நான் வைக்கவில்லை. அப்புறம், "ஒண்ணு கேக்கலாமா? பிடிக்கலைன்னா வெச்சிடுங்க. நீங்க ஏம்மா நின்னுக்கிட்டே சாப்பிடுறீங்க?" என்றாள்.

நீங்கள் பார்த்தீர்கள். அவள் கேட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உட்கார்ந்தால் எனக்கு எழ முடியாது. அதனால் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். இஸ்திரிக் கடையில் நின்ற பழக்கம் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னீர்களே, அந்தக் கடையில் நின்ற முட்டிதான் இது. ரெண்டும் போய்விட்டது. அடுப்பு மேடையில் சாய்வது ஸ்டைலுக்கு இல்லை, பாரத்தை இடுப்பில் தாங்கிக்கொள்ளத்தான். மத்தியானம் எனக்கென்று அடுப்பு பற்றவைத்து மறுபடி நிற்கத் தெம்பு இருக்காது. ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் அடுப்பு வேண்டாம். அது ருசிக்காகத் தின்றதில்லை. குளியலறைக் குழாய் ஆட்டம் கண்டதற்கு, பதித்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினீர்கள். ஆட்டம் கொடுத்தது நான். அதைப் பிடித்துத் தொங்கித்தான் தினமும் எழுந்தேன். எழ முடியாத நாளில் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு இப்போது சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு ஆவதுதான். நான் கழுவிவிட்டு, பினாயில் ஊற்றிவிட்டு, உங்களுக்குக் குழம்பு தாளித்தேன்.

இதை இன்னொருத்தர் வாயால் கேட்க எப்படி இருக்கிறது? பக்கத்தில் ஆள் வந்துபோகிற நடைபாதைதானே அது? எனக்கும் அந்த வட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் முட்டிக்கு எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், உழைத்துத் தேய்ந்த முட்டி என்றார்கள். என்னுடையதைச் சொன்னால் தின்று பெருத்த முட்டி என்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை நீங்களே நடத்திக் காட்டிவிட்டீர்கள்.

இங்கே மாடிப்படியில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதை மகள் பார்த்துவிட்டாள். இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்தாள். டாக்டர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவரும் அதே வார்த்தைதான் சொன்னார், எலும்போடு எலும்பு. முதலில் எடையைக் குறைக்கணுமாம், பிறகுதான் மூட்டாம். அந்தப் படத்தில் எலும்பைச் சுற்றி மங்கலாக, வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன். "நீங்கதாம்மா" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம் உங்களுக்காக நான் பொய் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள நான் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

நான்தான்


மார்ச் 25

மூத்தவளின் அம்மாவுக்கு,

தபால்காரர் இந்தத் தடவை நடைபாதையில் படிக்கவில்லை. ரெண்டு வரி படித்ததும் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, மரத்தடியில் ஆள் இல்லாத இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே உட்கார்ந்து மெல்லப் படித்தார். முடித்ததும் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் உன் மேல் வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி இப்படி மறைப்பாளா என்று பல்லைக் கடித்தேன். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, நீ நின்று சாப்பிட ஆரம்பித்தது எப்போது என்று தேடினேன். எனக்கா கிடைக்காது? கிடைத்தது. மகன் கப்பலுக்குப் போன மழைக்காலம். அன்றைக்கு மீன். வாலை எனக்கு வைத்தாய், தலையை நீ எடுத்துக்கொண்டாய். உன் கையில் அலுமினியத் தட்டு, ஓரம் நெளிந்தது. வலது காலை லேசாகத் தூக்கி இடது காலில் நின்றாய். அது கூட இருக்கிறது. உன் முகம் இல்லை. எத்தனை தேடியும் முகம் வரவில்லை. வாயும் கையும் சட்டியும் கரண்டியும்தான் வருகிறது. என்ன ஞாபகம் இது, சாக்கடை ஜல்லடை மாதிரி. தேங்க வேண்டாததெல்லாம் தேங்கி நிற்கிறது. என் தலை மேல் நானே காறித் துப்ப முடிந்தால் துப்பியிருப்பேன்.

அந்தப் பொண்ணிடம் போனேன். எனக்கு வைத்திருக்கிற இடத்தை உனக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். "இது என்ன பஸ் சீட்டா தாத்தா, எந்திரிச்சு இடம் குடுக்க?" என்றாள். உனக்கு இன்னும் மாதக்கணக்கில் ஆகுமாம், உன்னைத் தனியாக உட்கார வைத்துத் தானே பார்க்க வேண்டுமாம். அப்படியானால் என் பெயரை அடித்துவிடு, வீட்டில் ஆள் இல்லை, அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். அடிக்கவில்லை, தள்ளி வைத்திருக்கிறாள். தபால்காரர் தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் குனிந்தால் அவரை நிமிர்த்த ரெண்டு பேர் வேண்டும்.

உனக்கு ஒரு ஃபைல் தொடங்கி வைக்கலாம், அம்மா வழக்கமாக என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அவித்த மீனும் பருப்பும் வாயில் வைக்கச் சகிக்கவில்லை. இருந்தாலும் மென்று விழுங்குகிறேன். வாயை மூடிக்கொண்டு மெல்லப் பழகுகிறேன். இந்த வயதில் அது லேசில்லை, மூக்கு அடைத்திருந்தால் மூச்சு முட்டுகிறது. கைக் கருவி மறுபடி கொஞ்சம் அசைகிறது.

குளியலறையில் ஒரு வேலை பார்த்தேன். குழாய்க்குப் பக்கத்திலும் கக்கூஸ் பக்கத்திலும் சுவரை உடைத்து இரும்புக் கம்பி பதித்தேன். முட்டி போட முடியாது, அதனால் ஈரத் தரையில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு செய்தேன். கன்னத்துக்கு நேரே தண்ணீர் போகிற ஓட்டை. மூடியைத் தூக்கினால் உன் முடியும் என் முடியும் சோப்பும் சேர்ந்து கறுப்பு உருண்டையாக, எலிக்குட்டி மாதிரி. கையால் இழுத்து எடுத்தேன். நாற்றம் இரண்டு நாள் விரலில் இருந்தது. இத்தனை வருஷம் அதை யார் எடுத்தார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

கம்பியைப் பிடித்து என் முழு உடம்பையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. உன் எடை எனக்குத் தெரியாது. தாங்கும்.

வா என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. கம்பி போட்டதைச் சொல்லத்தான்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 4

உங்களுக்கு,

ஈரத் தரையில் படுத்து வேலை பார்த்திருக்கிறீர்கள். சளி பிடித்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அவளை நான்தான் கூப்பிட்டுப் பேசினேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை மேலே எடுத்து வைத்துவிட்டாள்.

இடம் மாற்றிக் கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். தியாகம் செய்துவிட்டு அதையும் ஞாபகம் வைத்திருப்பீர்கள், என்னால் அந்தப் பாரத்தைத் தூக்க முடியாது. உங்கள் கால் முதலில். நீங்கள் நடந்தால்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஒரு ஆள் இருக்கும். அந்தப் பெண்ணிடம் நான் தனியாகப் போவேன். நீங்கள் வெளியே இருங்கள். என்ன கேட்டாள், என்ன சொன்னேன், எடை எவ்வளவு என்று வழியில் கேட்கக் கூடாது. கேட்டால் அப்படியே மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

உங்கள் மேல் இருக்கிற அருவருப்பு இன்னும் போகவில்லை. போய்விடும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. காலையில் பல் விளக்கும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் இன்றைக்கும் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறேன். அது இருக்கும். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை கொண்டுவந்து விடுகிறார். வாசலுக்கு வந்து வரவேற்கிறேன் என்று படியில் நிற்காதீர்கள். நான் ஏறும்போது நீங்கள் கையைக் கொடுத்து, ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தால் மாப்பிள்ளை யாரைத் தூக்குவார்? உள்ளேயே உட்கார்ந்திருங்கள்.

அதற்குள் ஒரு வேலை. நம் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் ரொம்பத் தாழ்வு. இங்கே முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் உயரமான நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தாள். உட்காரும் இடம் முட்டியைவிட மேலே இருந்தால், கைப்பிடியை ஊன்றி நானே எழுந்துவிடுகிறேன். அந்த மாதிரி இரண்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுக்கும் அதுதான் வேண்டும்.

எதிரெதிரே போட வேண்டாம். மேசையின் ஒரே பக்கத்தில், பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சாப்பிடும்போது நீங்கள் சுவரைப் பாருங்கள். நானும் சுவரைத்தான் பார்ப்பேன்.

நான்தான்